பேப் ரூத்தோட முதல் ஹோம் ரன்: சுத்துற கதையில எது நிஜம்?

"பெத்தவங்க இல்லாத அநாதைப் பையன் பேப் ரூத், 1914ல ஃபேயட்வில்ங்கிற சின்ன ஊருக்கு வந்து தன்னோட முதல் மேஜர் லீக் ஹோம் ரன் அடிச்சாரு"ன்னு ஒரு பதிவு சுத்திட்டு இருக்கு. ரூத் அமெரிக்காவோட பேர்போன பேஸ்பால் ஆட்டக்காரர். ஹோம் ரன்னுன்னா, பெரும்பாலும் பந்தை மைதானத்தைத் தாண்டி அடிச்சு, எல்லா பேஸையும் ஒரே ஓட்டத்துல சுத்தி ரன் எடுக்கிறது. மேஜர் லீக்குங்கிறது அங்க பேஸ்பாலோட உச்ச மட்டம். ஊரும் வருஷமும் சரிதான், மத்தது தப்பு.

நார்த் கரோலினாவுல இருக்கிற அந்த ஊருக்கு அவர் வந்தது பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமோட பயிற்சிக்காக, அப்போ அது மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கிற மைனர் லீக் டீம், மார்ச் 7ஆம் தேதி ஒரே டீமை ரெண்டா பிரிச்சு ஆடின பிராக்டிஸ் மேட்ச்ல 19 வயசுப் பையன் பந்தை அவ்ளோ தூரம் அடிச்சான், முன்னாடி ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப் அங்க அடிச்சதையே ஊர்க்காரங்க மறந்துட்டாங்க. புரொஃபஷனலா ஆட வந்தப்புறம் அடிச்ச முதல் ஹோம் ரன்னுன்னு அங்க பலகையே வெச்சிருக்காங்க, அது சரி. ஆனா பிராக்டிஸ் மேட்ச்ங்கிறதால அவர் மேஜர் லீக்ல மொத்தமா அடிச்ச 714 ஹோம் ரன்ல இது சேராது. மேஜர் லீக்ல முதல்ல அடிச்சது 1915 மே 6, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல, யாங்கீஸ் டீமுக்கு எதிரா, அப்போ அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீமோட பிட்ச்சர், அதாவது பந்து வீசுறவர்.

அநாதைன்னு சொல்றதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 7 வயசுல, அநாதைகளும் அடங்காத பசங்களும் தங்கிப் படிச்ச செயின்ட் மேரிஸ் பள்ளியில கொண்டுபோய் விட்டதே பெத்தவங்கதான். அம்மா 1912ல இறந்துட்டாங்க, ஆனா அவர் ஃபேயட்வில் போனப்போ அப்பா பால்டிமோர்ல உயிரோட இருந்தாரு, 1918லதான் இறந்தாரு. இருந்த அப்பாவை இல்லாம ஆக்கிடாதீங்க.