கோழிக்கழிவும் மக்கத்தானே செய்கிறது?

ஐயப்பன் சீசன் வந்துவிட்டால் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலைச்சாலையின் ஓரம் எப்படி இருக்கும் என்று கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், மிச்சப் புளியோதரை, பாதி கடித்த சப்பாத்தி. யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "பிளாஸ்டிக்கா போட்டோம்? மக்குற சாமான்தானே அண்ணே, காட்டுக்கு உரமாயிட்டுப் போகுது."

காட்டோரச் சாலையில் எறிகிற தோலும் சோறும் குப்பைதான், அதை எறிவது குப்பை கொட்டுவதுதான் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே சுருக்கென்று கோபம் வருகிறது. அதனால் நாம் எல்லாரும் ஒன்றுபட்டுக் கோபப்படுகிற விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். கேரளாவிலிருந்து வருகிற கோழிக்கழிவு.

களியக்காவிளை, புளியரை, வாளையாறு என்று எல்லை நெடுகப் பல வருடமாக நடக்கும் பஞ்சாயத்து இது. நம்ம பக்கம் கம்பம்மெட்டு, போடிமெட்டு. கழிவு ஏற்றிய வண்டி பிடிபட்டால் ஊரே கூடுகிறது, வண்டியைச் சிறைபிடிக்கிறது. பிடிக்கவும் வேண்டும். ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பது என்ன? குடல், தோல், இறகு. இதில் மக்காதது எது? இறகுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். மக்கும் பொருள் எதுவும் குப்பையாகாது என்றால் அந்த டிரைவரும் அதையே சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாமே. நாம் விடுவோமா? (2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுக் கேரளாவே திரும்ப அள்ளிக்கொண்டு போனது மருத்துவமனைக் கழிவு. அது வேறு கணக்கு, இதோடு சேர்க்கவில்லை.)

அளவு வேறு என்பீர்கள். ஒரு வண்டி குடலும் ஒரு ஆரஞ்சுத் தோலும் ஒன்றா? ஒன்றில்லைதான். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரைக்கும் அந்த மலையில் ஏறுகிற வேன்களும் பஸ்களும் எத்தனை! வண்டியை ஓரங்கட்ட இடமிருக்கிற வளைவுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற அந்த ராட்சதக் குழாய்களைப் பார்க்க நிறுத்துவார்கள், சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், சும்மா கால் நீட்டவும் நிறுத்துவார்கள். எல்லாரும் அதே வளைவில்தான் எறிகிறார்கள். எறிகிறவர் கண்ணுக்குத் தெரிவது அவர் கையில் இருந்த ஒரு தோல் மட்டும். அந்த வளைவுக்கு வந்து சேர்வது ஒரு வண்டிக்குக் குறையாது.

சரி, மக்குமா? மக்கும். எப்போது என்பதுதான் கேள்வி. உரக்குழி போட்டவர்களுக்குத் தெரியும், மக்குவது தானாக நடக்கிற காரியம் இல்லை. பச்சைக் கழிவோடு காய்ந்த சருகு சேர வேண்டும், கணக்காகச் சொன்னால் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 30 பங்கு அளவில். ஈரம் வேண்டும், காற்றுப் போக வேண்டும். குவியலாக இருந்தால் உள்ளே சூடு 55, 60 டிகிரிக்கு ஏறும், நுண்ணுயிர்கள் வேலையை முடிக்கும். சாலையோரத்தில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் தோலுக்கு இதில் எது கிடைக்கிறது? மார்கழிக் குளிரில் நுண்ணுயிர் வேலையே மந்தம். அதிலும் ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெய்க்குக் கிருமிகளை அண்டவிடாத குணம் உண்டு. வாழைத்தோல் வெயிலில் காய்ந்து கருத்துத் தோல் செருப்பு மாதிரி ஆகிவிடும். அடுத்த மழைக்காலம் வரை அப்படியே கிடக்கும்.

உண்மையில் பெரும்பாலும் அது கிடப்பதே இல்லை, அதுதான் பெரிய சங்கடம். மக்குவதற்கு முன்னால் வேறொரு வாய்க்குப் போய்விடுகிறது.

முதலில் குரங்கு. மலையேறும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள், சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குகளை. காட்டுக்குள் இலை, காய், பூச்சி என்று நாள் முழுக்கத் தேடித் தின்ன வேண்டிய ஜீவன், சாலையில் பத்து நிமிடத்தில் வயிறு நிறையும் என்றால் ஏன் உள்ளே போகப் போகிறது? வண்டி நின்றால் இறங்கும், குட்டியைச் சுமந்துகொண்டே சாலையைக் கடக்கும், அடுத்த வண்டியில் அடிபடும். அடிபடாதது துணிச்சல் கூடிப் பையைப் பிடுங்கும், கடிக்கும். சீசன் முடிந்து வண்டி குறைந்ததும் என்ன செய்யும்? பழகின வயிறு கேட்காதே. கீழே இறங்கித் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் புகும். அப்போது விவசாயி வனத்துறைக்கு மனு எழுதுவார், குரங்கைப் பிடித்து எங்காவது விடச் சொல்லி. எறிந்தவர் அதற்குள் மாலையைக் கழற்றிவிட்டு ஊரில் நிம்மதியாக இருப்பார்.

யானை விஷயத்தில் நம் ஊர் பட்டது போதாதா? அரிக்கொம்பன் குப்பை தின்று கெட்ட யானை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகியது. 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அத்தனை பெரிய காடு இருந்தும் மே 27 அன்று கம்பம் டவுனுக்குள் ஓடியது. 144 தடை உத்தரவு போட்டார்கள். யானை தாக்கிக் காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டு போனார்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி ஒரு காட்டு விலங்கை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நம் தெருவிலேயே பாடம் நடந்தது. மூணாறில் படையப்பா என்கிற கொம்பனுக்குக் குப்பைதான் பழக்கமாகிவிட்டது. கல்லாறு குப்பைக் கிடங்குக்கு வந்து நின்று காய்கறிக் கழிவைத் தின்னும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிதானே என்கிறீர்களா? அது கவருக்குள் கட்டிய காய்கறி.

நாம் 'மக்குற சாமான்' என்று எறிவது பல நேரம் தனியாகப் போவதில்லை. பார்சல் தாளில் பிளாஸ்டிக் பூச்சு, சட்னிக்குக் கவர், அதைக் கட்ட ரப்பர் பேண்ட். அதில் ஒட்டிய உப்புக்கும் எண்ணெய்க்கும் மிளா தாளையே மெல்லும். காட்டுப்பன்றி மண்ணோடு கிளறும். இந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் நம் பெண்களிடம் பன்றியைப் பற்றிக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அவர்கள் தூக்குவாளியில் சோறு கொண்டு போய், தின்று, கழுவி, வாளியைத் திரும்பக் கொண்டு வருகிறவர்கள். குப்பையே இல்லை. இந்த மலையில் மிச்சமே வைக்காமல் சாப்பிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1990-களின் கடைசியில் கோஸ்டாரிகாவில் ஒரு பழச்சாறு நிறுவனம் சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் தேசியப் பூங்கா நிலத்தில் கொட்டியது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டு நிறுத்தியது. 16 வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய் அளந்தபோது, கொட்டிய இடத்தில் மரஞ்செடிகளின் எடை பக்கத்து நிலத்தைவிட 176 சதவீதம் கூடுதல். அட, அப்படியானால் தோல் எறிவது புண்ணியமாயிற்றே! பொறுங்கள். அது மேய்ச்சலில் செத்துப்போன பொட்டல். காட்டியல் தெரிந்தவர்கள் திட்டம் போட்டு, ஒப்பந்தம் எழுதி, ஓரிடத்தில் கனமாகக் கொட்டியது. குமுளி மலை பொட்டல் இல்லை. நம் புளியோதரைக்காக எந்த மரமும் அங்கே காத்திருக்கவில்லை.

இன்னொரு வாதம் மனசுக்கு நெருக்கமானது. அந்தக் காலத்தில் எச்சில் இலையை வீதியில்தானே போட்டோம், மாடு தின்றது, நாய் தின்றது, மிச்சம் எருக்குழிக்குப் போனது? உண்மைதான். அதை நான் குப்பை கொட்டுவது என்று சொல்ல மாட்டேன். அங்கே மாடு நம்முடையது, குழி நம்முடையது, காலையில் கூட்டுகிறவர் நம் வீட்டிலேயே இருந்தார். போட்ட பொருள் எங்கே போய் முடியும் என்பது போட்டவருக்குத் தெரியும். ஓடுகிற வேன் ஜன்னலிலிருந்து எறிகிறவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. உங்கள் தோட்டத்தில் கொய்யாத் தோலைப் போட்டால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

சட்டத்துக்கு இதில் குழப்பமே கிடையாது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் கழிவையும் கழிவு என்றுதான் சொல்கின்றன. தெருவிலோ பொது இடத்திலோ நீர்நிலையிலோ எறியக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கவும் கூடாது. நாம்தான் படிக்கவில்லை. கேரளப் பக்கம் இதில் நம்மைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பை மலை நாள்கணக்கில் எரிந்து ஊரே புகை குடித்த பிறகு பிடி இறுகியது. மக்குவதை வீட்டிலேயே உரமாக்க வேண்டும், மக்காததை, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனா குழுப் பெண்கள் வாங்கிப் போவார்கள். கொட்டுகிறவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சன்மானம். குமுளியில் இருக்கும் என் சித்தி நேரடியாகவே கேட்டார்: "இங்க ஒரு கவரை வெளிய வச்சா போட்டோ எடுத்துருவாங்கடா. நீங்க மலை முழுக்க எறிஞ்சிட்டு வந்து எங்க வீட்டுல கோழிக்கழிவு நியாயம் பேசுறீங்க." பதில் சொல்ல வாய் வரவில்லை. (அங்கே பிடி இறுக இறுகத்தான் காசு செலவழிக்க மனமில்லாத சிலர் கழிவை மலையிறக்குகிறார்கள் என்று அப்புறம் தோன்றியது. சித்தியிடம் அடுத்த தடவை கேட்க வேண்டும்.)

நம்மாலும் முடியாதது இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறோமே, தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகிற ஒருநாள் விழா. புலிகள் காப்பகத்துக்குள் பளியன்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக ஜீப்பிலும் ஏறுகிறோம். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதித்து வாங்கி வைத்துவிடுகிறார்கள், முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறோம். அதே ஆட்கள்தான் மற்ற நாளில் அடிவாரச் சாலையில் ஜன்னலைத் திறக்கிறார்கள்.

அதற்காக ஒரு தோல் எறிந்த சாமிக்கும், மிச்சச் சோற்றை வண்டியில் ஏற்றிக் கொட்டும் ஹோட்டலுக்கும் ஒரே அபராதம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலாமவருக்கு இருநூறு ரூபாயும் நாலு வார்த்தையும் போதும். இரண்டாமவருக்கு வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும், கோழிக்கழிவு வண்டியை வைப்பது போலவே, தமிழ்நாட்டுப் பதிவெண்ணாக இருந்தாலும். லோயர் கேம்ப்பிலும் குமுளி பஸ் ஸ்டாண்டிலும் குரங்கால் திறக்க முடியாத மூடி போட்ட தொட்டி வேண்டும். மூடியில்லாத தொட்டி வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம், அது குரங்குக்குப் பந்தி பரிமாறுவது. தொட்டி நிரம்பினால் அன்றைக்கே எடுக்க ஆளும் வேண்டும். அந்த ஆளுக்குச் சீசன் முழுக்கச் சம்பளம் தர வேண்டும், தூய்மைப் பணியாளர் ஒருவரின் தலையில் மலை முழுவதையும் கட்டிவிட்டு விழிப்புணர்வுப் பேனர் வைத்தால் காரியம் நடக்காது.

மாட்டுக்குப் போட்டால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்கள். மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கவரை அவிழ்த்துவிட்டு, சோற்றைக் குறைத்துத் தோலைக் கூட்டிப் போடுங்கள். சோறு அளவுக்கு மிஞ்சினால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும்.