போன் பட்டியலில் பெயர் இருந்தால் ஜாமீன்தாரரா?

"உங்கள் நண்பர் ஆப் மூலம் கடன் வாங்கியுள்ளார். அவர் போனில் உங்கள் எண் இருப்பதால் நீங்களும் ஜாமீன்தாரர். மாலைக்குள் கட்டாவிட்டால் கைது." இப்படி வரும் அழைப்பை நம்பி, 'பேசாமல் கட்டிவிடுங்கள்' என்று சிலர் வாட்ஸ்அப்பில் அறிவுரையும் பரப்புகிறார்கள். இது பொய். தயவுசெய்து கட்டாதீர்கள்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் என்பது நீங்களே ஒப்புக்கொண்டு ஏற்கும் பொறுப்பு. இன்னொருவர் போனில் எண் இருப்பதால் அது வந்துவிடாது. ஆனால் அந்தச் சட்டம் வாய்மொழி ஜாமீனையும் ஏற்கிறது. அதனால் தொல்லை தாங்காமல் "சரி, நான் பார்த்துக்கறேன்" என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள்.

வெறும் தவணை பாக்கிக்காகப் போலீஸ் கைது செய்வதில்லை. செக் திரும்பியது, மோசடி போன்றவை வேறு விஷயம்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது, கடன் வாங்கியவரின் நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கவும் தடை உண்டு.

அழைப்பு வந்தால் நிறுவனத்தின் பெயரையும் கடன் எண்ணையும் கேளுங்கள். மழுப்பிவிட்டு யுபிஐ எண்ணை மட்டும் அனுப்பினால் துண்டித்துவிடுங்கள். உங்கள் பெயரிலேயே கடன் இருப்பதாகச் சொன்னால், உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.