உழைப்பாளர் சிலை: வெள்ளைக்காரர் வடித்தது அல்ல

மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை 1923 மே தினத்துக்காக ஓர் ஆங்கிலேயச் சிற்பி செய்தார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது உண்மை. ஆனால் சிலை நிறுவப்பட்டது 1959இல்தான். இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள்.

சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் வங்கத்தில் பிறந்தவர், ஓவியர், சிற்பி. சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். சுமார் 30 ஆண்டுகள் இங்கேயே கற்பித்தார், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முறுக்கேறிய முதுகுகளை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். நம் ஊருக்கு இவ்வளவு தந்த கலைஞரின் பெயர் அழிவது வருத்தமாக இருக்கிறது. கடற்கரைக் காந்தி சிலையும் அவர் செய்ததே.

சரிபார்க்க விரும்புவோர், மத்திய அரசின் பத்ம விருதுப் பட்டியலில் 1958ஆம் ஆண்டைப் பாருங்கள். பத்ம பூஷண் பெற்றவர்களில் அவர் பெயர் இருக்கும். மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் சிற்பியின் பெயரைச் சொல்லுங்கள்.