லேண்டோவைத் துரோகி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம்

ஸ்டார் வார்ஸ் படங்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் லேண்டோ கால்ரிசியனை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: துரோகி. அந்தப் பாத்திரத்தில் நடித்த பில்லி டீ வில்லியம்ஸ், படத்தில் நண்பனான ஹான் சோலோவை ஏன் காட்டிக் கொடுத்தீர்கள் என்று தம்மையே பலர் குற்றஞ்சாட்டியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காட்டிக் கொடுத்தது உண்மைதான். அதை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. மனமில்லாமல் ஒரு கொடியவனுக்கு உடந்தையாகிப் போன மனிதன், எந்தக் கட்டத்தில், எதையெல்லாம் பணயம் வைத்து அவனுக்கு எதிராகத் திரும்புகிறான் என்பதை அந்தப் படம் மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த நுட்பத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டார்கள் என்பதே என் ஆதங்கம்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இர்வின் கெர்ஷ்னர் இயக்கத்தில் 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில், விண்மீன் மண்டலத்தை ஆளும் கொடுங்கோல் பேரரசின் படை துரத்த, அதிவேகப் பாய்ச்சலுக்கான இயந்திரம் பழுதாகிப் போன 'மில்லேனியம் ஃபால்கன்' கப்பலில் பேரரசை எதிர்க்கும் அணியைச் சேர்ந்த ஹான், லேயா, சூபாக்கா ஆகியோர் பெஸ்பின் என்னும் வாயுக்கோளுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே திபானா வாயுவை எடுத்து விற்கும் மிதக்கும் நகரம் ஒன்றை லேண்டோ நிர்வகித்து வருகிறான். அவன் பழைய சூதாடி. அந்த ஃபால்கனே ஒரு காலத்தில் அவனுடையதாக இருந்து, சூதாட்டத்தில் ஹானிடம் பறிபோனதுதான். இப்போதோ தொழிலாளர் சிக்கல், சரக்குத் தட்டுப்பாடு என்று கவலைப்படுகிற பொறுப்பான நிர்வாகியாகிவிட்டான். பேரரசின் கண்ணில் படாத அளவுக்குத் தன் தொழில் சிறியது என்பதுதான் அவனுடைய ஒரே பாதுகாப்பு. அந்த நகரத்துக்குக் கீழே ஓடி ஒளிவதற்கு நிலம் என்று எதுவும் கிடையாது, வெறும் மேகம்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும்.

ஹான் வந்து இறங்குவதற்குச் சற்று முன்பே பேரரசின் கொடிய தளபதி டார்த் வேடர் அங்கே வந்துவிட்டான். ஒப்பந்தம் அப்போதே முடிந்துவிட்டது: நண்பர்களை ஒப்படைத்தால் பேரரசு இந்த நகரத்தின் பக்கம் திரும்பாது. விருந்துக்கு அழைத்துப் போவதுபோல அழைத்துப் போய், கதவு திறந்ததும், உணவு மேசையின் மறுமுனையில் வேடர் உட்கார்ந்திருப்பதை ஹான் காண்கிறான். தனக்கு வேறு வழியில்லை என்றும், அவர்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றும் லேண்டோ சொல்லி வருத்தம் தெரிவிக்கிறான். பலரும் இதை ஒரு கோழையின் சாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அவன் சொன்னதில் பொய் இல்லை. பொறுப்பிலிருந்து அவனை விடுவிக்க அது போதுமானதும் இல்லை. மறுத்திருந்தால் நகரம் பேரரசின் கைக்குப் போயிருக்கும், ஹானும் எப்படியும் பிடிபட்டிருப்பான் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கொடியவர்கள் தமக்கு உடந்தையாக ஆள் பிடிப்பதே இப்படிப்பட்ட கணக்குகளை அவர்கள் தலையில் ஏற்றித்தான்.

அதன் பிறகு அந்த ஒப்பந்தம் படும் பாட்டைக் கவனியுங்கள். ஹானின் தோழனும் எதிர்ப்பணியின் இளம் வீரனுமான லூக் ஸ்கைவாக்கரைத் தன்னிடம் வரவழைப்பதற்கான தூண்டில் மட்டுமே வேடருக்குத் தேவைப்பட்டது. அதற்காக ஹானைச் சித்திரவதை செய்கிறார்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் செய்கிறார்கள். அதுவே தாங்க முடியாத கொடுமை என்றால், லூக் கிடைத்ததும் ஹானைக் கூலிக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட்டிடம் கொடுத்துவிடப் போவதாக வேடர் சொல்கிறான். லேயாவும் சூபாக்காவும் இனி இந்த நகரத்தைவிட்டு வெளியேறவே கூடாது என்கிறான். இவை எதுவும் நம் பேச்சில் இல்லையே என்று லேண்டோ எதிர்க்குரல் கொடுக்கும்போது, உனக்கு அநியாயம் நடப்பதாக நினைக்கிறாயா என்று வேடர் கேட்கிறான்; இங்கே ஒரு படைப்பிரிவை நிறுத்திவிட்டுப் போக நேர்ந்தால் அது வருந்தத்தக்கதாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறான். லேண்டோ அடங்கிப் போகிறான். அடுத்து, ஹானைக் கார்பனில் உறைய வைக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. அந்த எந்திரம் மனிதர்களுக்கானதில்லை, அதில் இறக்கினால் அவன் செத்துப் போகலாம் என்று லேண்டோ எச்சரிக்கிறான். அதற்கும் பலன் இல்லை. லூக்கை உறைய வைப்பதற்கு முன் ஒரு சோதனைப் பொருளாகத்தான் ஹானை அவர்கள் அதற்குள் இறக்குகிறார்கள். இறுதியாக, லேயாவையும் சூபாக்காவையும் தன் கப்பலுக்கே கொண்டுவரச் சொல்கிறான் வேடர். அவர்கள் என் பொறுப்பில் இங்கே இருப்பார்கள் என்று சொன்னீர்களே என்கிறான் லேண்டோ. ஒப்பந்தத்தை மாற்றுகிறேன், இதற்கு மேலும் மாற்றாமல் இருக்க வேண்டிக்கொள் என்ற பொருளில் பதில் வருகிறது. வட்டிக்குக் கொடுத்தவன் கையெழுத்து வாங்கிய வெற்றுப் பத்திரத்தில் தன் விருப்பத்துக்கு வரிகளைச் சேர்த்துக்கொண்டே போவதைப் போல, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சேர்கிறது.

லேண்டோ தன் கழுத்தைத் தடவிக்கொள்கிறான். வசனம் இல்லாத சின்னஞ்சிறு அசைவு அது. இதே படத்தில் ஓஸல் என்னும் கடற்படைத் தலைவனையும் நீடா என்னும் கப்பல் தலைவனையும், தங்கள் வேலையில் தவறியதற்காக, கையால் தொடாமலேயே கழுத்தை நெரித்து வேடர் கொன்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த அசைவின் பொருள் புரியும்.

அவன் குற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிறை அறைக்கு வந்து, லேயாவும் சூபாக்காவும் தன் பொறுப்பில் விடப்படுவார்கள் என்று ஏதோ நற்செய்தியைப் போலச் சொல்கிறான். ஹான் அவனை ஓங்கி அறைகிறான். அந்த அடி அவனுக்கு உரியதுதான். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டதாகவும், தனக்கும் ஆயிரம் பிரச்சினை இருப்பதாகவும் அவன் சொல்லும் பதில், உடந்தையாக இருப்பவர்கள் எல்லாரும் தமக்குள் சொல்லிக்கொள்கிற பதில். இருந்தாலும் அந்த நேரத்திலேயே, ஹானை அடிக்கப் பாய்ந்த காவலர்களைத் தடுத்து நிறுத்துகிறவனும் அவன்தான்.

இனி, அவன் திரும்பும் இடத்துக்கு வருகிறேன். லேண்டோ நல்லவனாக மாறவில்லை, தன் பேரம் படியவில்லை என்பதற்காகக் கோபித்துக்கொண்டான், அவ்வளவுதான் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. அந்த நொடியில் அவன் செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய வேலை: இரண்டு கைதிகளை நடைபாதை வழியாக அழைத்துப் போய்க் கப்பலில் ஏற்றிவிடுவது. ஹான் ஏற்கெனவே உறைந்துவிட்டான். போபா ஃபெட் புறப்படத் தயாராகிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் போய்விடுவார்கள். நகரமும் தொழிலும் பதவியும் அவனிடமே இருக்க வாய்ப்புண்டு. தன்னலம் மட்டுமே அவனை நடத்தியிருந்தால், மௌனமாக இருப்பதற்கு அதைவிட ஏற்ற நேரம் வாய்த்திருக்காது. எல்லாவற்றையும் இழக்கப் போகிறோம் என்று தெரிந்தே, அந்த நேரத்தில்தான் அவன் தன் மணிக்கட்டிலுள்ள கருவியை அழுத்தி, உதவியாளன் லோபோட்டுக்குக் குறிப்பு அனுப்புகிறான். நடைபாதைத் திருப்பத்தில் நகரக் காவலர்கள் பேரரசின் வீரர்களைச் சுற்றி வளைக்கிறார்கள். துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்காமல் அது முடிந்துவிடுகிறது. அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது, லேண்டோ இதற்கு முன்பே ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

நம்மில் பலர் இதைக் கம்பராமாயணத்தின் கண்கொண்டு பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன். கும்பகருணன் செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுத்தான், வீடணன் அறத்தின் பக்கம் போனான் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாதிட்டுப் பழகிய நமக்கு, அணி மாறுகிறவன் மேல் உடனே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் லேண்டோவுக்கும் வேடருக்கும் நடுவே சோற்றுக் கடன் எதுவும் இல்லை. வேடர் அவனுக்கு உணவிடவில்லை; அவனுடைய மேசையில் வந்து உட்கார்ந்து அவனை மிரட்டினான். வீடணனைப் போலச் சபையில் எழுந்து நின்று அறிவுரை சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போகவும் அவனுக்கு வழி இல்லை. அவன் கடன்பட்டிருந்தது ஹானின் நட்புக்கும், தன் நகர மக்களுக்கும்தான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அடகு வைத்தான். அடகு வைத்ததை மீட்க, காப்பாற்றியதையும் கொடுத்தான்.

விலங்கை அவிழ்த்துவிட்டவுடன் அவனுக்குக் கிடைக்கும் கைம்மாறு, சூபாக்காவின் கைகள் அவன் கழுத்தில் இறுகுவதுதான். நம் நீதிமன்றங்களில் அப்ரூவராக மாறுகிறவருக்கு மன்னிப்பு என்ற உறுதியாவது முதலில் கிடைக்கும். லேண்டோவுக்கு யாரும் எந்த உறுதியும் தரவில்லை. மூச்சுத் திணறும்போதும் அவன் சொல்ல முயல்வது, ஹானைக் காப்பாற்ற இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான். ஓடுகிறார்கள், கண்ணெதிரே ஃபெட்டின் கப்பல் பறந்துவிடுகிறது. பிறகு அவன் செய்கிற காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. தப்பி ஓடும் வழியில் நின்று, நகரம் பேரரசின் கைக்குப் போய்விட்டது, மேலும் படைகள் வருவதற்குள் எல்லாரும் வெளியேறிவிடுங்கள் என்று ஊர் முழுக்க அறிவிக்கிறான். யாருக்காக நண்பனை விற்றானோ அந்த மக்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். நகரத்தின் அடிப்பகுதியில் தொங்கிக்கொண்டிருந்த லூக்கை, ஃபால்கனின் மேல்திறப்பு வழியே எழுந்து கைகொடுத்து உள்ளே இழுப்பதும் அவன்தான்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது, 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' படத்தோடு இதை ஒப்பிடும்போது தெரிகிற பாகுபாடு. அந்தப் படத்தின் முடிவில், தன் மகனான லூக் கண்ணெதிரே சாவதைப் பொறுக்க முடியாமல், வேடரே பேரரசனைத் தூக்கி ஆழத்தில் எறிகிறான். அதைப் பார்த்துக் கண்கலங்காதவர்கள் குறைவு; மீட்சிக்கு எடுத்துக்காட்டாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். வேடர் செய்த கொலைகளுக்குக் கணக்கில்லை. அவன் திரும்பியது சொந்த இரத்தத்துக்காக. லேண்டோ திரும்பியதோ, தன்னை வெறுப்பதற்கு எல்லா நியாயமும் கொண்ட இரண்டு பேருக்காக. கொன்றவனுக்கு மீட்சி, மிரட்டலுக்குப் பணிந்தவனுக்குத் துரோகிப் பட்டம் என்றால் அது என்ன கணக்கு? முதல் மூன்று படங்களில் முகம் காட்டிப் பேசும் முதன்மைப் பாத்திரங்களில் கறுப்பினத்தவன் லேண்டோ ஒருவனே என்பதையும், அந்தப் பட்டம் அவன்மேல் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதையும் நான் சேர்த்தே யோசிக்கிறேன்.

2016இல் வந்த 'ரோக் ஒன்' படத்தின் கேலன் எர்ஸோவை அவனைவிட மேலானவன் என்று சிலர் சொல்வார்கள். மனைவியைக் கொன்று தன்னை இழுத்துச் சென்றவர்களுக்காக கோள்களையே அழிக்கும் டெத் ஸ்டார் என்ற பேராயுதத்தைக் கட்ட உதவிய அந்த அறிவியலாளன், தான் இல்லாவிட்டாலும் அவர்கள் அதைக் கட்டி முடித்துவிடுவார்கள் என்று உணர்ந்து, அதன் உள்ளே ஒரு பலவீனத்தை மறைத்து வைக்கிறான். அந்தப் பொறுமை பெரியதுதான். ஆனால் அவன் வைத்த பலவீனம் வேலை செய்வதற்குள் ஜேதா நகரமும் ஆல்டரான் என்னும் கோள் முழுவதும் அழிந்து போகின்றன. மறைவாக எதிர்ப்பதற்கும் விலை உண்டு; அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள். லேண்டோ வெளிப்படையாகத் திரும்பியதன் விலையில் பெரும்பகுதியை அவனே கொடுத்தான்.

அந்த 1983 படத்தில்தான் லேண்டோவின் கதை நிறைவடைகிறது. காவலாள் வேடமிட்டு உறைந்த ஹானை வைத்திருக்கும் கடத்தல் கூட்டத் தலைவன் ஜப்பாவின் மாளிகைக்குள் போய் ஹானை மீட்க உதவுகிறான். பாலைவனக் குழியில் தானே விழப்போகும்போது, உறைநிலையிலிருந்து மீண்டும் பார்வை முழுதும் திரும்பாத ஹான் குறிபார்த்துச் சுட்டு அவனைக் காப்பாற்றுகிறான். பிறகு தன் ஃபால்கனையே அவனிடம் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறான். எண்டோர் என்னும் நிலவருகே நடக்கும் போரில், புதிய டெத் ஸ்டாரின் பாதுகாப்புக் கவசம் இன்னும் விழவில்லை. அந்த ஆயுதம் பேரரசை எதிர்க்கும் கூட்டணியின் கப்பல்களைத் தாக்கி அழிக்கத் தொடங்கிவிட்டது. பின்வாங்க வேண்டும் என்கிறார் தளபதி அக்பார். அப்போது மறுப்பவன் லேண்டோ. கீழே ஹான் கவசத்தை வீழ்த்தியே தீருவான், அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்கிறான். அதற்காக எதிரியின் போர்க்கப்பல்களுக்கு மிக அருகே போய்ச் சண்டையிடலாம் என்ற ஆபத்தான வழியையும் அவனே சொல்கிறான். பெஸ்பினில் ஹானுக்காக எதிர்க்குரல் எழுப்பியும் மிரட்டியதும் அடங்கிப் போனவன், இங்கே ஒரு கப்பற்படை முழுவதையும் ஹானுக்காக நிறுத்தி வைக்கிறான். லேண்டோவைப் பற்றிய தீர்ப்பை 1980ஆம் ஆண்டுப் படத்தின் விருந்து மேசையோடு முடித்துக்கொண்டவர்கள், அந்தக் காட்சியையும் இந்தக் காட்சியையும் அடுத்தடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு என்னோடு வாதிட வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.