கீயை மாற்றச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

ட்ரெமலோ (பார் என்கிற கைப்பிடியை அமுக்கி எல்லாக் கம்பிகளின் சுருதியையும் அலையவிடும் அமைப்பு) வைத்த எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் "சுருதி நிற்கவே மாட்டேங்குது" என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "கீ லூஸா இருக்கும், லாக்கிங் கீ போட்டுடுங்க." கீ என்றால் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி; லாக்கிங் கீ கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் ரகம். கிட்டாரைக் கையில் வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து மாற்றிய பிறகு பாரை ஒரு தடவை அமுக்கினால் பழைய கதையேதான். வயிறு எரிகிறது.

டியூனிங் கீக்குள் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகுப் பல்சக்கரம். கீயைத் திருகினால் கம்பி நகரும். கம்பி இழுத்துக் கீ சுழலாது. பல் தேய்ந்த அரதப்பழசான கீ என்றால் சரி, மாற்றுங்கள். நேற்று பெட்டியிலிருந்து எடுத்த கிட்டாருக்குமா இதே வைத்தியம்?

கம்பி மாட்டிக்கொள்கிற இடம் நட், அதாவது கிட்டார் கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் வெட்டிய சிறு பட்டை. சுருதி காட்டும் டியூனரை மாட்டி ஜி கம்பியை (மூன்றாவது கம்பி) மெதுவாக ஏற்றிப் பாருங்கள். கீ திரும்புகிறது, முள் அசையாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் நட்டிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், முள் சுருதியைத் தாண்டிக் குதித்திருக்கும். நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாரை அடிவரை அமுக்கிக் கையை எடுத்தால் கம்பி சுருதி ஏறி நிற்கும். விரலால் கம்பியைத் தள்ளிப் பெண்ட் செய்துவிட்டு விட்டால் இறங்கி நிற்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் அந்த ஒரே பள்ளம்தான். பூட்டு வைத்த ட்ரெமலோவை உருவாக்கிய ஃப்ளாய்ட் ரோஸ் 1970களின் பின்பாதியில் என்ன செய்தார்? கீயையா மாற்றினார்? கம்பியை நட்டிலேயே இறுக்கிப் பூட்டினார்.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954இல் வந்தது. அன்றைக்கு அந்த நிறுவனத்தின் லியோ ஃபெண்டர் அதில் வைத்த ட்ரெமலோவைத்தான் இன்றைக்கும் ஆளாளுக்கு நகலெடுத்து விற்கிறார்கள். பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்), ஸ்பிரிங், பார் எல்லாம் பளபளவென்று வருகிறது. நட்டுக்கு மட்டும் மலிவான பிளாஸ்டிக் துண்டு, அதில் ஏனோதானோ என்று வெட்டிய பள்ளம். சரியான அரத்தால் பத்து நிமிடம் தேய்த்து, கொஞ்சம் பென்சில் கரி தடவினால் முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

கம்பி மாற்றிக் கொடுக்கிற கடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெல்லிய 9 செட் கம்பி போட்டிருந்த என் கிட்டாரை, கேட்காமல் கொள்ளாமல் தடித்த 10 செட் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கேட்டால் "வெயிலுக்கு அப்படித்தான் சார்" என்கிறார்கள். வெயிலா? 9-42 செட்டில் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 38 கிலோ. 10-46 போட்டால் 46 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க வேண்டியவை பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள். இது தராசு மாதிரி, ஒரு தட்டில் எடை கூட்டினால் மறுதட்டிலும் கூட்ட வேண்டும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை மாட்டியிருக்கும் கிளா என்கிற தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் கொஞ்சம் உள்ளே திருகி, சுருதி சேர்த்து, பிரிட்ஜைப் பார்த்து, மறுபடி திருகி, மறுபடி சுருதி சேர்த்து என்று போகும் வேலை. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குமே, அதனால் பொறுமை வேண்டும். கூலி வாங்குகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்க வேண்டாமா?

"கிளாப்டனே மரக்கட்டை வைத்து ட்ரெமலோவை அடைத்துவிட்டார், நீங்களும் அடைத்துவிடுங்கள்" என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். எரிக் கிளாப்டன் பெரிய கிட்டார் கலைஞர்தான்; அவருக்கு அது தேவைப்படவில்லை, அடைத்தார். எனக்குத் தேவை. ஒரு கார்டை மீட்டி, பாரை லேசாகத் தொட்டு அதை அலையவிடுவதற்காகத்தான் இந்தக் கிட்டாரையே வாங்கினேன்.

எனக்குத் தாங்காதது வேறு. முதல் கிட்டார் வாங்குகிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்வது? சுருதி சேர்க்கிறது, வாசிக்கிறது, பாதியில் அபசுரம். தன் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறது. நல்ல காது உள்ள பிள்ளைக்குத்தான் அந்த அபசுரம் அதிகம் வலிக்கும், அதுதான் முதலில் கிட்டாரை மூலையில் சாத்தும். இது அநியாயம் இல்லையா?

ட்ரெமலோ கிட்டார் விற்கிறவர்கள் பில் போடும் முன் என் கண்ணெதிரில் பாரை நாலு தடவை அமுக்கிவிட்டு டியூனரைக் காட்டட்டும். முள் நடுவில் நிற்காவிட்டால் நட்டை அரம் போட்டுக் கொடுக்கட்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் தருகிறேன்.