முதல்ல பேரைக் கேளுங்கப்பா

இன்ஜினியரிங் முதல் வருஷம், முதல் நாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பையன் என் பேரைக் கேட்கவில்லை. "கட் ஆஃப் எவ்ளோ?" என்றான். அடுத்து, "கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட்டா?" அதற்கடுத்து, "தமிழ் மீடியமா?"

கட் ஆஃப் என்பது பிளஸ் டூ மார்க்கை வைத்து கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடும் ஒரு எண், அது சீட் வாங்க. சீட்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு அதை வைத்து ஆளை எடை போடுகிறீர்கள்? எங்கள் வகுப்பில் ஒரு பெண், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். அவளிடமும் இதையே கேட்டார்கள். பதில் சொல்லாமல் பையைத் திறந்து எதையோ தேடினாள். உள்ளே ஒரு நோட்டும் டிபன் பாக்ஸும்தான் இருந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு கூட்டம் பேசவே பேசாது. "இன்ஸ்டா ஐடி சொல்லு" என்று போனை நீட்டும். மறுநாள் கேன்டீன் வரிசையில் எதிரே நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எந்த ஊர், சாப்டியா, ஹாஸ்டல் பிடிச்சிருக்கா என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பெண் மாவட்ட அளவில் கபடி ஆடியவள் என்பதே எங்களுக்கு மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது.