உடைஞ்ச விமானத்தை யாரும் பறக்க விடல

தம்பி, "போயிங் 787க்கு சோதனையில இறக்கை பிஞ்சிடுச்சு, அதையே ஒட்டி ஆறு மாசத்துல பறக்க விட்டானுங்க"ன்னு போட்டிருக்கீங்க. பாதி உண்மை, அதான் வில்லங்கம்.

2009ல இறக்கை பிஞ்சு விழல. இறக்கை உடம்போட சேருற இடத்துல கார்பன் இழை அடுக்கு பிரிஞ்சிருந்துச்சு. அதுவும் தரையிலேயே வச்சு வளைச்சுப் பார்க்கன்னே செஞ்ச, பறக்கவே பறக்காத விமானக் கூட்டுல. நம்ம அட்டன் பக்கத்து தேயிலை பெக்டரியில கொழுந்து உருட்டுற புது ரோலரைக் கொழுந்து போடாம சுத்தவிட்டுப் பார்க்கிற கதை இல்ல இது. பாரத்தை ஏத்திக்கிட்டே போய் எங்க கெடுதுன்னு தேடுறதுதான் அங்க வேலை. கெட்டது தெரிஞ்சா சோதனை ஜெயிச்சுதுன்னு அர்த்தம்.

இணைப்பைப் பலப்படுத்தி, நவம்பர்ல கூட்டைத் திரும்ப வளைச்சுப் பார்த்தாங்க. பறக்கப்போற விமானத்துலயும் அதே வேலை நடந்துச்சு. டிசம்பர் 12ல அதை ஓடுபாதையில மணிக்கு 240 கிலோமீட்டர் கிட்ட ஓட்டி, முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இறக்கினாங்க. 15ல பறந்துச்சு.

திட்டணும்னா 2007 ஜூலை 8ஐத் திட்டுங்க. அன்னைக்கு ஊரைக் கூட்டிக் காட்டினது தற்காலிக ஆணி அடிச்சு நிறுத்தின விமானம். அதுக்கு நானும் கூட வர்றேன்.